பூமிகாவுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள்

திருவள்ளூர்
மே 6

அன்புள்ள பூமிகா,

நலம். நலமறிய ஆவல்.

எந்தக் கடிதத்திலும் கொஞ்சம் முன்கதை இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. ஐம்பது வருடம் கழித்து யாராவது பெட்டியிலிருந்து எடுத்துப் படித்தால் அவர்கள் திண்டாடக் கூடாது. ஆகவே எழுதுகிறேன்.

நாம் சந்தித்தது ஜனவரியில், திருவள்ளூரில் மாற்றுத்திறனாளிகளுக்காக நடந்த உபகரண முகாமில். நான் ஜூனியர் ரெட் கிராஸ் தொண்டராக டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ சக்கர நாற்காலியில் இருந்தாய். உனக்கு முன்னால் ஒரு கம்பியில் டேப்லெட் பொருத்தியிருந்தது. நான் உன் அம்மாவிடம், "இவளுக்கு என்ன வயசு?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் நீ ஒரு சத்தம் போட்டு அவரைத் தடுத்தாய். பிறகு உன் தலைக்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்புப் பொத்தானைத் தலையாலேயே டக், டக் என்று தட்டினாய். இரண்டு நிமிடம் கழித்து டேப்லெட் பேசியது: "பதினாறு. நான் இங்கதான் இருக்கேன்."

வீட்டுக்கு வந்ததும் இதை நாட்குறிப்பில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

ஆனால் அந்த டேப்லெட்டின் குரல்! ரயில் நிலைய அறிவிப்புப் பெண்மணியின் குரல். நீ வாயைத் திறந்தாலே உன் அக்கா சுமலதா, "சூலூர்ப்பேட்டை வண்டி எந்த பிளாட்பாரம்?" என்று கேட்கிறாள் என்றாய். அடிக்கடி பேசும் வாக்கியங்களை உன் வயதுப் பெண் ஒருத்தி பேசிப் பதிவு செய்து கொடுத்தால் அதையே பொத்தானில் வைத்துக்கொள்ளலாம் என்று எபினேசர் சார் சொன்னார். (எபினேசர் சார் உன் பேச்சுப் பயிற்சியாளர், நம் இருவருக்கும் பொதுவான தூதர். திங்கள் திருவள்ளூர், வியாழன் கும்மிடிப்பூண்டி. முன்கதைக்காக.) அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

இப்போது செய்தி: இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்களும் பதிவாகிவிட்டன! அம்மாவின் கைப்பேசியில், எங்கள் வீட்டு சாமான் அறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசினேன். மெமரி கார்டு சாரிடம் போய்விட்டது. வியாழக்கிழமை உனக்குக் கிடைக்கும். நீ அனுப்பிய பட்டியலில் ஆங்காங்கே சிறிது மெருகேற்றியிருக்கிறேன். தவறாக நினைக்க மாட்டாய்.

இன்னும் ஒரு ஆச்சரியம். மே 19 அன்று நீ பிளஸ் ஒன் சேர்க்கைக்காகத் தலைமையாசிரியையைப் பார்க்கப் போகிறாய். உன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே போகக்கூடிய தூரத்தில் பிளஸ் ஒன் இருக்கும் பள்ளி அது ஒன்றுதான், அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காவிட்டால் வீட்டோடுதான் என்று எழுதியிருந்தாய். அங்கே சொல்வதற்கு நீ கொடுத்தது நான்கு வரி. நான் அதைச் சற்று விரித்திருக்கிறேன். மூன்று நிமிடம் நாற்பது வினாடி. நட்சத்திரப் படம் போட்ட பொத்தான்.

பிளஸ் டூ முடியும்வரை எனக்குக் கைப்பேசி கிடையாது என்பது என் அப்பா எம்பாரின் தீர்ப்பு. அதனால் தபாலில் எழுது. சாரிடம் கொடுத்தனுப்பாதே. அவர் வழியில் பிரித்துப் படிக்கிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இப்படிக்கு,
உன் குரல்,
ஜானவி


கும்மிடிப்பூண்டி
மே 12

ஜானவி,

எனக்கு ஒரு எழுத்துக்கு ஏழு நொடி. வெளிச்சம் வரிசை வரிசையாக நகரும். வேண்டிய எழுத்து வரும்போது தலையால் தட்ட வேண்டும். தவறவிட்டால் மறுபடி ஒரு சுற்று. ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்து. நமக்கு இருநூற்று நாற்பத்தேழு. என்னைக் கேட்காமல் செய்த ஏற்பாடு. அதனால் சுருக்கமாக எழுதுவேன். சுருக்கம் என்றால் கோபம் என்று நினைக்காதே. இந்தக் கடிதம் மட்டும் கோபம்.

ஞாயிறு வீட்டில் கோழி. எனக்குக் கால் வேண்டும் என்ற பொத்தானைத் தட்டினேன். உன் குரல் சொன்னது: "எனக்கு வாழைக்காய் கரமது போதும்." அம்மா கண் கலங்கிவிட்டாள். "பொண்ணு சைவமா மாறிட்டா போலகீது" என்றாள். கோழிக்காலை அக்கா தின்றாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கரமது என்றால் என்ன?

"எனக்குப் பசிக்கிறது" என்று தட்டினால் பின்னால் ஒரு அம்மா கத்துகிறார்: "ஜானு, பால் பொங்கறதுடி!" என் அம்மா அடுப்புக்கு ஓடுகிறாள். நான்கு நாளாக ஓடுகிறாள். எனக்குச் சோறு வரவில்லை.

அக்கா டிவியை மாற்றினாள். நான் கொடுத்த வாக்கியம்: "ஏய், ரிமோட்டு மேல கை வெச்ச, கைய உடைச்சிடுவேன்." வந்தது: "அக்கா, தாங்கள் இவ்வாறு செய்வது எனக்கு வருத்தமளிக்கிறது." அக்கா சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்தாள். முழங்கை வீங்கிவிட்டது. அந்த அளவில் திருப்தி.

"இன்னாடி, ஐயரு ஊட்டுப் பொண்ணு வந்து குந்திக்கினுகீது உன் தொண்டையில" என்கிறாள். நைனா மட்டும் ரசிக்கிறார். ஸ்டீல் கம்பெனியில் கிரேன் ஓட்டிவிட்டு வந்து என்னைக் கைகூப்பிக் கும்பிடுகிறார்.

நான் எழுதியதை எழுதியபடி பேசித் தா.

பூமிகா

பி.கு. கடிதத்தை அக்காதான் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கிறாள். அக்கா, படித்தது போதும். மடி.


திருவள்ளூர்
மே 15

அன்புள்ள பூமிகா,

கரமது என்றால் பொரியல். நாங்கள் ஐயர் இல்லை, ஐயங்கார். இதை உன் அக்காவிடம் சொல்லிவிடவும். அவளுடைய முழங்கைக்கு என் அனுதாபங்கள்.

முதலில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு பற்றி. உன்னுடையதை சார் சொன்னார். 371! நீ ஒவ்வோர் எழுத்தாகத் தட்ட, தேர்வறையில் ஒருவர் அதைப் பார்த்துத் தாளில் எழுத, 371. நான் இரண்டு கையாலும் எழுதி 468. நியாயமாகப் பார்த்தால் நீதான் முந்தியிருக்கிறாய்.

இனி குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன். உன் பட்டியலில் இருந்த வாக்கியங்களில் நாற்பத்தொன்று மரியாதைக் குறைவானவை. நான் எண்ணிப் பார்த்தேன். கோழி, நெத்திலி முதலியவற்றை யாரும் தடுக்கவில்லை. ஆனால் சாமான் அறையில் பெருமாள் படம் இருக்கிறது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது "எனக்குக் கால் வேணும்" என்று சொல்ல வாய் வரவில்லை. "கைய உடைச்சிடுவேன்" என்பதை மனசாட்சிப்படி ஐந்து முறை முயன்றேன். மூன்றாவது முறை அப்பா கதவைத் தட்டி, "யார்டி உள்ள? யாரோட சண்டை போட்டுண்டிருக்க?" என்றார். ஐந்தாவது முறை எதிர்வீட்டு மாமி வந்துவிட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், கோபிக்காதே. உன்னைப் பார்த்ததும் மனிதர்கள் உன்னைக் குழந்தை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானே அப்படித்தான் வயதைக் கேட்டேன். அவர்கள் காதில் முதன்முதலில் விழுவது நல்ல தமிழாக இருந்தால் எழுந்து நின்று மதிப்பார்களே என்று ஆசைப்பட்டேன். அதில் என்ன தவறு?

உணவுப் பக்கத்தை வேண்டுமானால் மாற்றித் தருகிறேன். ஆனால் 19-ஆம் தேதி நட்சத்திரப் பொத்தானைத் தட்டு. அந்த உரையைப் பதினொரு முறை திருத்தினேன். எங்கள் தமிழ் ஆசிரியை அதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரே ஒரு முறை என்னை நம்பு.

அன்புடன்,
ஜானவி


கும்மிடிப்பூண்டி
மே 21

ஜானவி,

சீட் இல்லை.

நட்சத்திரத்தைத் தட்டினேன். "மாண்புமிகு தலைமையாசிரியை அவர்களே, கல்விக் கடலின் கரையில் ஒரு சிறு கிளிஞ்சலாக வந்து நிற்கிறேன்." நான் நிற்பதில்லை. அவர் புருவம் அங்கேயே ஏறியது.

நடுவில், "கணக்கு புடிக்குமா உனக்கு?" என்று கேட்டார். கிளிஞ்சல் நிறுத்தவில்லை. நிறுத்தும் பொத்தானுக்கு வெளிச்சம் வருவதற்குள் பதற்றத்தில் தலை இரண்டு முறை பட்டுவிட்டது. மறுபடி முதலிலிருந்து. மாண்புமிகு.

அவர் நைனாவிடம் சொன்னார்: "இதுல உங்க பொண்ணு எங்கங்க இருக்கா? யாரோ எழுதி, யாரோ பேசி, பரீட்சையும் யாரோ எழுதி. இவளுக்குன்னு என்ன தெரியும்னு நான் எப்படி எடுத்துக்கறது? வீட்டுலயே வெச்சு பிரைவேட்டா எழுத வைங்க. அவளுக்கும் அதான் நல்லது."

நைனா பத்து டன் இரும்பைத் தூக்குகிறவர். அங்கே தலையைத் தூக்கவில்லை.

உன் வாக்கியங்களை எல்லாம் அழித்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் டேப்லெட் "உறுதியாகவா?" என்று கேட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு முறை ஆம் என்றேன்.

பதில் எழுதாதே.

பூமிகா


திருவள்ளூர்
மே 25

பூமிகா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். பிரிக்காமல் கிழித்துப் போட்டால் அது உன் உரிமை.

உன் கடிதம் வந்தபோது நான் கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். தம்பி கேசவ் கொண்டுவந்து கொடுத்தான். முதல் வரியைப் படித்ததும் அது தபால்காரர் தவறு, வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்தேன். இரண்டாவது வரியில் என் கிளிஞ்சல் வந்தது.

முதலில் என் பக்கத்து நியாயங்களை ஆறு பத்திகளில் எழுதினேன். அந்தத் தாளை இத்துடன் அனுப்பவில்லை. நன்றாக எழுதியிருந்தேன், அதுதான் பிரச்சினை.

நீ நான்கு வரி கொடுத்தாய். எனக்கு இப்போதும் மனப்பாடமாகத் தெரியும். "என் பேரு பூமிகா. எனக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் வேணும். கேள்வி கேளுங்க. பதில் வர லேட்டாகும், வெயிட் பண்ணுங்க." இதில் போதாத வரி ஒன்றுகூட இல்லை. அந்த நான்கு வரியும் நீ கால்மணி நேரம் தட்டியது. நான் அதை அரை நிமிடத்தில் அடித்துவிட்டு என்னுடையதை எழுதிக்கொண்டேன். கரை, கடல், கிளிஞ்சல் எல்லாம் நான் மேடையில் பேச ஆசைப்பட்டவை. எங்கள் பள்ளிப் பேச்சுப் போட்டியில் எனக்கு மூன்றாம் பரிசுதான் கிடைத்தது. உன் தலைமையாசிரியையிடம் முதல் பரிசு வாங்கப் பார்த்தேன் போலிருக்கிறது.

மன்னித்துவிடு. உன் நைனாவிடமும் சொல். அவரைப் பற்றி எழுதியிருந்த வரியைத் தாண்டிப் படிக்க எனக்கு வெகுநேரமாயிற்று.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஏண்டி, அந்தப் பொண்ணு கேட்டது கோழிக்கால். நீ வாழைக்காயைக் குடுத்துட்டு அவ சந்தோஷப்படணும்னா எப்படி?" என்றார். எங்கள் வீட்டில் கோழிக்கு ஆதரவாக எழுந்த முதல் குரல் அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. நேற்று மாவட்ட ஆட்சியருக்கு உன் சார்பாக ஒன்பது பக்க மனு எழுதினேன். சட்டப் பிரிவுகள் எல்லாம் நூலகத்தில் பார்த்துப் போட்டிருக்கிறேன். உறையில் போட்டு, ஸ்டாம்பும் ஒட்டியாயிற்று. தபால் பெட்டி வரைக்கும் போய், அதன் வாயில் பாதி நுழைத்தும்விட்டேன். பிறகு வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். ஏனென்றால் உன்னைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கேட்கிறேன். அனுப்பவா?

ஜானவி


கும்மிடிப்பூண்டி
மே 28

ஜானவி,

கிழி.

எபினேசர் சார் போய்ப் பேசி இன்னொரு நாள் வாங்கிவிட்டார். ஜூன் 5. தலைமையாசிரியை சொன்னாராம்: "பதிவு பண்ணது எதுவும் வேணாம். அவளே பேசட்டும். பேசினா பாக்கலாம்." அன்றும் நடக்காவிட்டால் அவ்வளவுதான். சேர்க்கைப் பட்டியல் மறுநாள் ஒட்டிவிடுவார்கள்.

எழுத்து எழுத்தாகத் தட்டிப் பேசப்போகிறேன். ரயில்வே குரலில்.

உன் பிளஸ் ஒன் சேர்க்கையில் உன்னை என்னென்ன கேட்டார்கள்? கேள்விகள் மட்டும் எழுது. பதில் எழுதாதே. ஒரு பதிலும்.

பசிக்கிறது என்றால் அம்மா இப்போதும் அடுப்புக்கு ஓடுகிறாள். பழகிவிட்டதாம்.

பூமிகா


திருவள்ளூர்
மே 31

அன்புள்ள பூமிகா,

என்னைக் கேட்ட கேள்விகள்:

எந்தப் பிரிவு வேண்டும்? ஏன்? பத்தாவதில் எந்தப் பாடம் கஷ்டமாக இருந்தது? (இந்த இடத்தில் ஒரு பதிலை எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.) வீட்டில் யார் சொல்லித் தருகிறார்கள்? பள்ளிக்கு எப்படி வருவாய்? எதிர்காலத்தில் என்னவாக ஆசை? (இங்கே இரண்டு பதில். இரண்டையும் நன்றாகவே அடித்திருக்கிறேன்.)

மனுவைக் கிழித்தாயிற்று. ஒன்பது பக்கமும். பின்பக்கங்களைக் கேசவ் கணக்குப் போட எடுத்துக்கொண்டான்.

நான் பொதுவாக ஒரு கடிதத்தை முடிக்கும்போது அறிவுரையாக ஏதாவது எழுதுவேன். இந்தத் தடவை பேனாவை மூடி வைக்கிறேன். மூடிவிட்டேன். பிறகு கையெழுத்துப் போடத் திறக்க வேண்டியதாயிற்று.

ஜானவி


கும்மிடிப்பூண்டி
ஜூன் 6 முதல் ஜூன் 11 வரை

ஜானவி,

இது நீளம். ஆறு நாள். உனக்குப் போட்டியாக எழுதவில்லை. யாராவது ஒருவரிடம் முழுதாகச் சொல்ல வேண்டும்.

அறையில் தலைமையாசிரியை, எழுத்தர் துளசிராமன் சார், நைனா, எபினேசர் சார். சார் என் டேப்லெட்டின் எழுத்தைப் பெரிதாக்கி, மேசையில் இன்னொரு திரையிலும் தெரியும்படி வைத்தார். நான் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் எல்லோருக்கும் தெரியும். அது நல்ல ஏற்பாடு என்று அப்போது நினைத்தோம்.

அவர் கேட்டார்: "ஏன் கம்ப்யூட்டர் சயின்ஸ்?"

நான் ஆரம்பித்தேன். "க" வந்தது.

"கணக்கு புடிக்குமாம் மேடம்" என்றார் துளசிராமன் சார்.

இல்லை என்று தலையாட்டினேன். ஆட்டும்போது பொத்தானில் பட்டுவிட்டது. வேறு எழுத்து விழுந்தது. அழித்தேன். மறுபடி. "கம்."

"கம்ப்யூட்டர்! கம்ப்யூட்டர்னு எழுதப் போறா!" என்று நைனா கத்தினார். கிரிக்கெட் பார்ப்பதுபோல நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"கம்பெ."

"கம்பெனியா? கம்பெனி வேலைக்குப் போகணுமாம்மா உனக்கு?" என்று தலைமையாசிரியை கேட்டார். குரல் ரொம்பக் கனிந்துவிட்டது. "பாவம். இந்த நெலமையிலயும் வேலைக்குப் போகணும்னு நினைக்குது பாருங்க."

"அப்பாவுக்கு ஒத்தாசையா இருக்கணும்னு நெனக்குது மேடம்" என்றார் துளசிராமன் சார். மூக்கை உறிஞ்சினார்.

"ஆமா மேடம், எம் பொண்ணு அப்டித்தான்" என்றார் நைனா. அவருக்கும் கண் கலங்கியது.

அடுத்து அவர்களுக்குள்ளேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். என் எதிர்காலத்தைப் பற்றி மூன்று பேரும் உருக்கமாகப் பேசினார்கள். நான் இன்னும் "கம்பெ"யில் இருந்தேன்.

(ஜூன் 8. கழுத்து வலி. நேற்று எழுதவில்லை.)

எல்லாவற்றையும் அழித்தேன். புதிதாக ஆரம்பித்தேன். "கு."

"குடிக்கத் தண்ணி!" என்று துளசிராமன் சார் ஓடினார். டம்ளரோடு வந்து என் வாயருகே நீட்டினார். மூடிக்கொண்டேன். தாடையில் ஊற்றினார்.

"குறு."

"குறும்படமா?" என்றார் தலைமையாசிரியை. "குறுந்தொழிலா?"

"குறுக்."

நைனாவுக்குப் புரிந்துவிட்டது. பதினாறு வருடம் என்னோடு இருக்கிறாரே. முகம் வெளுத்துவிட்டது. என் காதருகே குனிந்து, "வாணாம்டா கண்ணு" என்றார். "நைனா சொல்றேன், வாணாம்." திரையைக் கையால் மறைக்கப் பார்த்தார். எபினேசர் சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. முழுதாகத் தட்டிவிட்டுப் பேசும் பொத்தானைத் தட்டினேன்.

ரயில்வே குரல், பள்ளி முழுக்கக் கேட்கும்படி சொன்னது:

"குறுக்கே பேசாதீங்க மேடம். வேற யாரும் கூட."

துளசிராமன் சார் கையில் டம்ளர் அப்படியே இருந்தது.

தலைமையாசிரியை எபினேசர் சாரைப் பார்த்தார். "இதை யாரு எழுதிக் குடுத்தது?"

"எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க மேடம்" என்றார் சார். "இப்படி எழுதிக் குடுக்கற தைரியமெல்லாம் எனக்கு ஏது?"

நைனா மன்னிப்புக் கேட்க எழுந்தார். தலைமையாசிரியை அவரைக் கையால் உட்காரச் சொன்னார். துளசிராமன் சாரை வெளியே அனுப்பினார். கைப்பேசியை மேசை டிராயரில் போட்டு மூடினார். நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தார். "சரி. நீ சொல்லு" என்றார். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டார். பேசாமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தாலே தெரிந்தது. இரண்டு முறை வாய் திறந்தது. இரண்டு முறையும் அவரே மூடிக்கொண்டார்.

(ஜூன் 10.)

என் பதிலுக்குப் பத்தொன்பது நிமிடம் ஆனது. இதுதான்: "கம்பெனியில நைனா ஏணியில ஏறிப் போயி கிரேன் ஓட்டுறாரு. அதையே கீழ இருந்து பட்டன்ல ஓட்டலாம்னு படிச்சேன். எனக்கு நடக்க வராது. பட்டன் நல்லா வரும்."

அவர் அதை இரண்டு முறை படித்தார். நைனா ஒரு முறைதான் படித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கணக்குல என்ன மார்க்?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"81. கம்மிதான். அல்ஜிப்ரா தட்ட ரொம்ப நேரமாகுது."

அதற்குப் பிறகு இன்னும் ஏழெட்டுக் கேள்வி. மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் அவர் எழவில்லை. கடைசியில் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். "காலாண்டுப் பரீட்சை வரைக்கும் பாக்கறேன். அதுல தேறலைன்னா உங்க அப்பாவக் கூப்பிடுவேன். இன்னிக்கி மாதிரி மேடத்த அதட்டற வேலையெல்லாம் வகுப்புல வெச்சுக்காத."

நான் மூன்று எழுத்தில் பதில் சொன்னேன். "சரிங்க" என்று போட நினைத்தேன். பொறுமை இல்லை. "ம்ம்ம்" என்று போட்டேன். அது ஒரே எழுத்து, மூன்று தட்டு.

வெளியே வந்ததும் நைனா கேட்டார்: "அந்த மாதிரி இன்னும் எத்தினி வெச்சினுகீற உள்ள?"

நாற்பத்தொன்று என்றேன்.

பூமிகா


திருவள்ளூர்
ஜூன் 16

அன்புள்ள பூமிகா,

உன் கடிதம் வந்ததும் நான்கு பக்கம் பதில் எழுதினேன். படித்துப் பார்த்தேன். ஒரு வரியைத் தவிர மீதி எல்லாம் என்னைப் பற்றி இருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் இங்கே எடுத்து எழுதுகிறேன்:

எனக்கு இவ்வளவு சந்தோஷம் இதற்கு முன் வந்ததில்லை.

வகுப்பு எப்படி இருக்கிறது? பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்? மெதுவாகவே எழுது. எனக்கு அவசரம் இல்லை. (இருக்கிறது. ஆனாலும்.)

ஜானவி


கும்மிடிப்பூண்டி
ஜூன் 29

அன்புள்ள ஜானவி,

வகுப்பில் அறுபத்திரண்டு பேர். முதல் பத்து நாள் யாரும் என்னோடு பேசவில்லை. என்னைப் பற்றிப் பேசினார்கள். ஆசிரியர்கள் என் பக்கம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்போல மெதுவாக நடப்பார்கள். வீட்டுப்பாடம் எல்லோரிடமும் கேட்பார்கள், என்னிடம் வந்ததும் சிரித்துவிட்டுத் தாண்டிப் போவார்கள். தப்பான விடை சொன்னால், "பரவால்லம்மா, நீ வந்ததே பெருசு" என்பார்கள். கண்ணாடி ஜாடியை அலமாரியில் வைப்பதுபோல என்னை வைத்திருந்தார்கள். இதற்காகவா சண்டை போட்டுச் சேர்ந்தேன் என்று இருந்தது. உனக்கு எழுத ஒன்றும் இல்லாததால்தான் எழுதவில்லை.

பக்கத்து பெஞ்சில் காயத்ரி. இங்கே பக்கத்தில் இருக்கும் ஆரணியிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். வாய் ஓயாது. செவ்வாய்க்கிழமை இடைவேளையில் குனிந்து கேட்டாள்: "ஏய், கெமிஸ்ட்ரி சார் தலையில கீறது நெசம் முடியா, விக்கா?"

எனக்கு விஷயம் தெரியும். சக்கர நாற்காலியில் கீழே இருந்து பார்ப்பவளுக்கு ஓரம் தெரியும். பதில் தட்ட ஆரம்பித்தேன். உனக்குத் தெரியுமே, எனக்கு நேரமாகும். மணி அடித்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். கெமிஸ்ட்ரி சந்திரமோகன் சார் வந்தார். வருகைப் பதிவு எடுத்தார். கரும்பலகையில் தலைப்பு எழுதத் திரும்பினார். வகுப்பு முழுக்க அமைதி. நான் தட்டிக்கொண்டே இருந்ததில் எதையும் கவனிக்கவில்லை. பேசும் பொத்தானைத் தட்டினேன்.

"விக்குதான். திங்கக்கிழமை வேற ஒண்ணு போட்டிருந்தாரு."

சாக்பீஸ் நின்றது. சார் திரும்பாமலே கேட்டார்: "யாரு பேசினது?"

அந்தக் குரல் வகுப்பில் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. அறுபத்தோரு பேரும் என்னைப் பார்த்தார்கள். சார் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. என் நாற்காலியைப் பார்த்ததும் அந்தச் சிவப்பு இறங்க ஆரம்பித்தது. எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். போகட்டும், பாவம் என்று விட்டுவிடுகிற முகம். விட்டுவிடாதீங்க சார் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அதைத் தட்ட நேரமில்லை. அவர் கண்ணையே பார்த்தேன். சிரிப்பு வேறு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தால் உடம்பே ஆடும், மறைக்க முடியாது.

சிவப்பு மறுபடி ஏறியது.

"பேச்சு வேறயா? சிரிப்பு வேறயா? காயத்ரி, பூமிகா, ரெண்டு பேரும் வெளிய போங்க! பீரியடு முடியற வரைக்கும் உள்ள வரக் கூடாது!"

காயத்ரி என் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வாசற்படியில் சக்கரம் மாட்டிக்கொண்டது. சாரே வந்து தூக்கிவிட்டார். தூக்கி வெளியே வைத்துவிட்டு, "ரெக்கார்டு நோட்டு நாளைக்கு வந்தாகணும், உன்னோடதும்தான்" என்று அதட்டிவிட்டு உள்ளே போனார். வராந்தாவில் நாற்பது நிமிடம் இருந்தோம். காயத்ரி முப்பத்தொன்பது நிமிடம் பேசினாள். மீதி ஒரு நிமிடம் எனக்கு.

வீட்டில் சொன்னேன். அம்மா திட்டினாள். "சேந்து ஒரு மாசம் ஆவல, அதுக்குள்ள வாத்தியார் கைல பேஜாரா?" அக்கா, "இனிமே அந்த ஸ்கூல்ல வண்டி லேட்டுன்னா கூட உன்னத்தான் கேப்பாங்க" என்றாள். நைனா கேட்டுவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டார். ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். கோபமோ என்று பயந்தேன்.

மறுநாள் நைனாவோடு வேலை செய்யும் ஒருவர் வீட்டுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. நைனா அன்று ஷிப்டில் இருந்த எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தாராம். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் கிரேன் மேலே இருந்தே கத்திச் சொன்னாராம்:

"எம் பொண்ணு கிளாஸ்ல பேசிக்கினே இருந்தாளாம்பா! வாத்தியாரு வெளிய அனுப்பிட்டாராம்!"

பூமிகா